அப்போதிக்கரிப் பேயும் பதினேழாம் இலக்கக் கிடாரமும்

தயாளினி வேலை செய்யும் அருங்காட்சியகத்தில் பேய் இருக்கிறது என்பதில் ஊரில் எவருக்கும் சந்தேகம் இல்லை. எத்தனை மணிக்கு வரும், எந்தக் கதிரையில் இருக்கும், வந்தால் நாக்கை நீட்டச் சொல்லுமா சொல்லாதா என்பவற்றில்தான் கருத்து வேறுபாடு.

நாக்கை நீட்டச் சொல்வதற்குக் காரணம், அது ஓர் அப்போதிக்கரியின் பேய். வட்டக்கச்சிப் பக்கம் வாய்க்கால் றோட்டோரம் நிற்கும் அந்த ஓட்டுக் கட்டடம் முன்பு அரசாங்க டிஸ்பென்சரி. பொன்னையா என்ற அப்போதிக்கரி அங்கே இருபத்தாறு வருடம் மருந்து கலந்து கொடுத்தார். காய்ச்சலுக்கு ரோசாப்பூ நிறத்தில் ஒரு தண்ணீர். வயிற்றோட்டத்துக்கும் அதே தண்ணீர். கால் வீக்கத்துக்கும் அதுதான், ஆனால் போத்தலை நன்றாகக் குலுக்கிவிட்டுக் குடிக்க வேண்டும். அவர் போட்ட சத்தத்தில் பாதி வருத்தக்காரர் மர வாங்கில் காத்திருக்கும்போதே சுகமாகி வீட்டுக்குப் போனார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் செத்த பிறகு மட்டும் சும்மா இருப்பாரா?

இதில் ஒரு சின்னச் சிக்கல். அவர் செத்தது இந்த ஊரில் இல்லை. ரொறன்ரோவில், மகள் வீட்டில், ஹீற்றர் போட்ட அறையில், தொண்ணூற்றொரு வயதில்.

"அவ்வளவு தூரத்தில இருந்து பேய் என்னெண்டு வரும் அண்ணை?" என்று தயாளினி ஒருநாள் குகதாசனிடம் கேட்டுப் பார்த்தாள். குகதாசன் அருங்காட்சியகத்துக்கு மூன்று காணி தள்ளி வயல் செய்கிறவர்.

"இஞ்ச இருந்து போறவைக்குத்தானே தங்கச்சி விசா," என்றார் அவர். "இஞ்ச வாறவையை ஆர் மறிக்கிறது?"

காட்டு வழியில் போகிறவர்கள் துணைக்குப் பிள்ளையாரை நினைத்து ஒரு குழை முறித்துத் தொங்கவிட்டுப் போவது வன்னியில் வழக்கம். காடு வெட்டி, வாய்க்கால் ஓடி, றோட்டுக்குத் தாரும் போட்டாயிற்று. முறித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் அருங்காட்சியகக் கேற்றில் வேப்பங்குழை செருகத் தொடங்கினார்கள். பிள்ளையாரிடம் கேட்பது வழித்துணை. அப்போதிக்கரியிடம் கேட்பது சீனி வருத்தம் குறைய வேண்டும் என்று. காலையில் வந்ததும் அந்தக் குழைகளை அள்ளி எறிவதுதான் தயாளினியின் முதல் வேலை. மேலிடம் தந்த கடமைப் பட்டியலில் அது இல்லை.

அந்த ஆவணியில் அவளுக்கு வயது நாற்பத்து நாலும் பத்து மாதமும். மாதக் கணக்கு வரை அவள் நினைவில் வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது. எட்டு வருடமாக அவள் அமைய ஊழியர். நிரந்தர நியமனம் இல்லை. நாற்பத்தைந்து ஆவதற்குள் சிபாரிசு வந்தால் நிரந்தரம், ஓய்வூதியம், லீவு எல்லாம் உண்டு. ஒரு நாள் பிந்தினாலும் கடைசி வரைக்கும் விளக்குமாறும் நாட்கூலியும்தான் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஐந்து கிழமை.

அவளுடைய தகப்பன் மாயாண்டி எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு, மனைவியோடும் ஒரு கம்பளியோடும் லொறியில் வந்து இறங்கியவர். வந்தவர் யாரோ ஒருவருடைய காணியில் காடு வெட்டினார். மூன்று வருடம் கழித்து இதே டிஸ்பென்சரியின் பிரசவ அறையில் தயாளினி பிறந்தாள். பிறந்த பிள்ளை அழாமல் கிடந்ததாம். "என்ன, அழ மாட்டாவோ?" என்று பொன்னையா போட்ட சத்தத்தில்தான் அழத் தொடங்கியதாம். அந்த அறையில் இப்போது கலப்பையும் நுகமும் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் தான் பிறந்த இடத்தில் நின்றுகொண்டு நுகத்தைப் பற்றி விளக்குவது அவள் வேலை. பிள்ளைகள் நுகத்தைப் பார்ப்பதில்லை, பேய் வருகிறதா என்று யன்னலைப் பார்க்கும்.

கணவன் கட்டாருக்குப் போனவர். போன் நம்பரை மாற்றிக்கொண்டே இருந்தவர், கடைசியாக மாற்றிய நம்பரை இவளுக்குச் சொல்லவில்லை. ஒரே மகள் நெளுக்குளத்தில் அறை எடுத்துத் தங்கி வவுனியாவில் படிக்கிறாள். நெல் ஆலை, தையல், கச்சான் கடலை உடைப்பது என்று எல்லா வேலையும் பார்த்துவிட்டுத்தான் தயாளினி இங்கே வந்து சேர்ந்தாள். மின்விசிறிக்குக் கீழே இருந்து சம்பளம் வாங்கிய முதல் வேலை இது. அதை விட அவளுக்கு மனம் வருமா?

இனிக் கிடாரத்தின் கதை. இதைச் சொல்லாவிட்டால் பேயின் கதை விளங்காது.

அருங்காட்சியகம் தொடங்கியபோது ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஊரெல்லாம் திரிந்தது. "உங்கள் வீடுகளில் உள்ள பழைய பொருட்களைத் தாருங்கள், பாதுகாத்து வைப்போம்." மேலிடம் கேட்டது நன்கொடை. சனம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பத்துத் தரம் இடம்பெயர்ந்த சனம் அது. ஒவ்வொரு தரமும் ஏற்ற முடியாத சாமானைக் கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து கிண்டியெடுத்துப் பழகியது. கடைசியாக வந்து பார்த்தால், வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது இரண்டு அறையும் ஒரு குசினியும். நூறு பேருக்குச் சோறு காய்ச்சும் கிடாரத்தை உள்ளே வைத்தால் ஆள் வெளியே படுக்க வேண்டும். இந்த நேரத்தில் கம்பி யன்னல், இரட்டைப் பூட்டு, காவலுக்குச் சம்பளத்துக்கு ஓர் ஆள் என்று அரசாங்கமே இடம் தந்தால் விடுவார்களா? இனிக் கிடங்கு வெட்டத் தேவையில்லை என்று அண்டா, கிடாரம், குத்துவிளக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போனார்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தில் 'நன்கொடை' என்றுதான் இருந்தது. இருபது வருடமாகக் கண்ட கண்ட படிவத்துக்கெல்லாம் கையெழுத்து வைத்த சனம், இதை மட்டும் வாசித்துப் பார்த்தா வைக்கும்?

அடுத்த வருடமே, கிடாரம் கொடுத்த அன்னபாக்கியம் ட்ராக்டரோடு வந்து நின்றா. மகனுக்குக் கலியாணம், கிடாரம் வேண்டும்.

தயாளினி படிவத்தை எடுத்துக் காட்டினாள். "இது இனி அரசாங்கச் சொத்து அன்ரி. தரேலாது."

"அரசாங்கம் எப்ப பிள்ளை இதில சோறு காய்ச்சினது?"

"சட்டம் இருக்கு அன்ரி. நான்தான் இதுக்குக் காவல்."

"ஓம், அதுக்குத்தான் உன்னை வைச்சிருக்கிறம். வடிவாத்தான் காவல் காத்திருக்கிறாய். இப்ப ஒருக்கா மற்றப் பக்கம் பிடி, பாரமாக் கிடக்கு."

தயாளினி பிடித்தாள். எப்படிப் பிடித்தாள், ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே பிறகு விளங்கவில்லை. இரண்டு நாளில் கிடாரம் திரும்பி வந்தது. புளியும் சாம்பலும் போட்டு மினுக்கி, உள்ளே ஒரு பை பலகாரத்தோடு. அதற்குப் பிறகு கதவு திறந்த மாதிரித்தான். யாருடைய சாமானோ, அவரிடம் சொல்லிவிட்டு யாரும் கொண்டுபோவார்கள். உடையாமல், கழுவி, நேரத்துக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். வெளிநாட்டு உறவுகள் வந்து இறங்கும் ஆவணி மாதத்தில் ஊரெல்லாம் கொண்டாட்டம். அருங்காட்சியகம் பாதி காலி.

பேய்க் கதை பெருத்தது இப்படித்தான். போன கிழமை பிள்ளைகளோடு வந்த ரீச்சர் இந்தக் கிழமையும் வருவா. "இதில பெரிய கிடாரம் ஒண்டு நிண்டதெல்லே, எங்க?" என்பா. அடுத்த கிழமை வந்தால் கிடாரம் நிற்கும், முன்னையைவிடப் பளபளப்பாக. தயாளினி ஒருநாளும் பேய் என்று சொன்னதில்லை. "எனக்கொண்டும் தெரியாது மிஸ்" என்று சொல்லிவிட்டு, முகட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள். மிச்சத்தைக் கேட்டவர்களே செய்துகொள்வார்கள்.

யதுர்ஷன் என்றொரு பெடியன் யூடியூப் சனல் வைத்திருந்தான். கிடாரம் இல்லாத அன்று ஒருமுறையும் இருந்த அன்று ஒருமுறையும் படம் எடுத்து, நரி ஊளையிடும் சத்தம் சேர்த்து, 'கிடாரம் விழுங்கும் மர்ம மாளிகை' என்று போட்டான். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர் மேலிடத்தில் இருந்தார். அவர் பேய்க்குப் பயப்படவில்லை. கிடாரம் எங்கே என்று கேட்டார்.

கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மேற்பார்வை உத்தியோகத்தர் வந்து பொருட்களைச் சரிபார்ப்பார். நிரந்தர நியமனத்துக்கான சிபாரிசையும் அவரே எழுதுவார். தயாளினி நாளைக் கணக்குப் பார்த்தாள். புதன்கிழமை குகதாசனின் மகள் தேனுகாவுக்குச் சாமத்தியவீடு. அழைப்பிதழில் பூப்புனித நீராட்டு விழா. கிடாரம், குத்துவிளக்குச் சோடி, தாம்பாளம் எல்லாம் அங்கே. வியாழன் திரும்பி வந்துவிடும். வெள்ளிக்கு ஒரு குறையும் இராது.

உத்தியோகத்தர் சிவதர்சினி புதன்கிழமை பத்து மணிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை வேறு கூட்டமாம்.

ஹெல்மெற்றை அப்போதிக்கரியின் மேசையில் வைத்துவிட்டுப் பட்டியலை விரித்தாள். "பதினாறு, மரைக்கால். இருக்கு. பதினேழு, கிடாரம்."

"கழுவக் குடுத்திருக்கு மிஸ்."

"இருபத்தொண்டு, இருபத்திரண்டு. குத்துவிளக்குச் சோடி."

"அதுவும் கழுவத்தான்."

"முப்பது, தாம்பாளம்."

தயாளினி முகட்டைப் பார்த்தாள். சிவதர்சினியும் நிமிர்ந்து முகட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு பல்லி மட்டும் நின்றது.

"எல்லாத்தையும் ஒரே நாளிலயோ கழுவுறனீங்கள்?"

"தண்ணி மிச்சம் மிஸ்."

கேற்றில் குழை செருகிக்கொண்டிருந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, உதவி செய்யும் நோக்கத்தோடு தலையை உள்ளே நீட்டினார். "அப்போதிக்கரி ஐயா கொண்டு போயிருப்பார் மிஸ். அடிக்கடி கொண்டுபோறவர். ஆனா நேர்மையான ஆள், திருப்பி வைச்சிடுவார்."

"அப்ப நான் பொலிசில முறைப்பாடு குடுக்கவேணும்," என்றாள் சிவதர்சினி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "எடுத்த ஆளின்ர முழுப்பேரும் விலாசமும் சொல்லுங்கோ."

"பேர் பொன்னையா. விலாசம்... கனடா மிஸ்."

பொலிஸ் என்றதும் தயாளினி இடுப்பில் இருந்த திறப்புக் கோர்வையைப் பார்த்தாள். பேய் என்று ஒரு சொல் சொன்னால் ஊரே சாட்சி சொல்லும். ஆனால் முறைப்பாடு என்று போனால் முதலில் பிடிப்பது பூட்டும் திறப்பும் வைத்திருக்கிற ஆளைத்தான். மூன்று காணி தள்ளி ஒலிபெருக்கியில் பாட்டு வேறு போய்க்கொண்டிருந்தது.

"கழுவுற இடத்தைக் காட்டுறன் மிஸ்," என்றாள். "வாங்கோ."

குகதாசன் வீட்டு வளவில் பந்தல், வாழை, லண்டனில் இருந்து வந்த தங்கச்சி குடும்பம், தலைக்கு மேல் ட்ரோன். பின் வளவில் மூன்று கல்லில் பதினேழாம் இலக்கம் ஏறியிருந்தது. வெள்ளைப் பெயின்றில் எழுதிய இலக்கத்தைப் புகை பாதி தின்றிருந்தது. உள்ளே சோறு கொதித்தது. சிவதர்சினி பேனையைத் திறந்தபடி கிடாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது... காட்சிப்பொருள்," என்றாள் கடைசியில்.

"பழைய ஈயம் இல்லை மிஸ், போன வருசம்தான் பூசினது. பயப்பிடாமல் சாப்பிடலாம்," என்றார் குகதாசன்.

மேலே ஏதும் சொல்ல அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. உள்ளே ஆலாத்தி எடுக்கும் நேரம். சோடி சோடியாகச் சுமங்கலிகள் தட்டேந்தி நிற்க, ஒரு சோடிக்கு ஆள் குறைந்திருந்தது. அன்னபாக்கியம் வாசலுக்கு வந்து, சிவதர்சினியின் கழுத்தைப் பார்த்தா.

"தாலி கிடக்கு! பிள்ளை, நீ வா. செருப்பைக் கழட்டு."

"நான் அலுவலக விசயமா..."

"அலுவலகம் ஓடாது. சுபநேரம் ஓடும். பிடி இதை."

கையில் கொடுத்தது முப்பதாம் இலக்கத் தாம்பாளம். பக்கத்தில் எரிந்தது இருபத்தொன்றும் இருபத்திரண்டும். மேற்பார்வை உத்தியோகத்தர் மூன்று காட்சிப்பொருட்களோடு தேனுகாவுக்கு ஆலாத்தி எடுத்ததை இரண்டு கமராவும் ட்ரோனும் படம் பிடித்தன. தேனுகா அந்த வீட்டிலேயே ஆகச் சலித்துப்போன முகத்தோடு சேலைக்குள் வியர்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு பந்தியில் இருத்தி, வாழையிலை போட்டு, பதினேழாம் இலக்கச் சோற்றைப் பரிமாறினார்கள். குகதாசன் தயாளினியைப் பின் வளவுக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இனி ஏன் பயப்பிடுறாய்? அவா ஆலாத்தி எடுத்த வீடியோ எங்களிட்ட இருக்கு. அவா ஒண்டு எழுதினா, நாங்கள் ஒண்டு போடுவம்."

"வாயை மூடுங்கோ அண்ணை!" என்றாள் தயாளினி. "அந்தப் பிள்ளை பாவம், சோறு தின்னுது. தின்னுற ஆளுக்குப் பின்னால நிண்டு கதைக்கிற கதையோ இது?"

சிவதர்சினி இலையை மடித்து, கை கழுவி வந்து, கிடாரத்தடியில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"அக்கா, ஒழுங்காக் கேளுங்கோ. இந்தச் சாமானெல்லாம் நன்கொடை எண்டால், நீங்கள் அரசாங்கச் சொத்தை வெளியில குடுத்திட்டீங்கள். வேலை போயிடும். நன்கொடை இல்லை, ஆக்களின்ர சாமான்தான் எண்டால், அங்க அருங்காட்சியகமே இல்லை. அப்பவும் வேலை இல்லை. நான் என்னத்தை எழுதுறது?"

"பேய் எண்டு?"

"அதுக்குப் படிவத்தில இடமில்லை."

தயாளினி கிடாரத்தைப் பார்த்தாள். எட்டு வருடம், ஐந்து கிழமை. படிவத்தில் இடமில்லை என்ற சொல் அவளுக்குப் பழகிய சொல். அவள் கையாலேயே எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறாள். அதில் ஒன்று நினைவுக்கு வந்தது.

"மிஸ், வருசா வருசம் மேலிடத்தால ஒரு கடிதம் வரும். வருசத்துக்கு நாலு நடமாடும் கண்காட்சி செய்யச் சொல்லி. வாகன வசதி இல்லை எண்டு நானும் வருசா வருசம் பதில் போடுறன்."

"ஓம். எல்லா இடத்தாலயும் அந்தப் பதில்தான் வாறது."

"இண்டைக்கு ட்ராக்டர் கிடைச்சது."

சிவதர்சினி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். நானூறு பேர் இருக்கும். சிரிக்கவில்லை, ஆனால் பேனையை மூடவுமில்லை.

"கண்காட்சி எண்டால் பொறுப்பான ஆள் விளக்கம் சொல்லவேணும். நான் காணாததை எழுதமாட்டன் அக்கா. நீங்கள் இப்ப சொல்லுங்கோ, நான் பாத்து எழுதுறன்."

பாட்டு நின்றது. மைக்கைத் தயாளினியின் கையில் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடத்தையே அவள் தொடங்கினாள். "அன்பார்ந்த பார்வையாளர்களே, இது எமது மூதாதையர் பயன்படுத்திய..."

"ஆரடி மூதாதையர்?" முன்வரிசையில் இருந்து அன்னபாக்கியம் எழும்பினா. "என்ர கிடாரம் அது! நான் இன்னும் சாகேல்ல!"

பந்தல் சிரித்தது. தயாளினிக்கு அடுத்த வரி மறந்து போயிற்று. சிவதர்சினி படிவத்தில் குனிந்தபடியே இருந்தாள், எழுதவில்லை.

"சரி அன்ரி," என்றாள் தயாளினி மைக்கில். "அப்ப உள்ளதைச் சொல்லுறன். பிழையெண்டால் மறியுங்கோ. இந்தக் கிடாரம் அன்ரியின்ர சீதனம். தொண்ணூற்றாறில ட்ராக்டரில ஏறி ஸ்கந்தபுரம் போச்சு. அங்க ஆறு குடும்பம் இதில தண்ணி பிடிச்சு வைச்சது."

"ஏழு குடும்பம்!" என்றது ஒரு குரல்.

"ஏழு. அதுக்குப் பிறகு நாலு இடம் போச்சு. ஓரிடத்தில மழைக்கு ஒரு கைக்குழந்தையை இதுக்குள்ள போட்டு மூடி பாதி சாத்தினவை. அந்தக் குழந்தை இப்ப கிளிநொச்சியில பாங்கில வேலை."

"அது நான்தான்," என்று பின்னாலிருந்து ஒரு தடித்த மனிதர் கையை உயர்த்தினார். "இப்ப போட்டா கொள்ளமாட்டன்!"

"கடைசித் தரம் ட்ராக்டரில இடமில்லை. கிணத்தடியில தாட்டது. திரும்பி வந்து அன்ரி கிண்டேக்க இடம் பிழைச்சுப்போச்சு. பக்கத்து வீட்டுக் கிடாரம்தான் முதல் வந்தது. அதை வைச்சுக்கொண்டு ஒரு கிழமை சண்டை."

"அது என்ர கிடாரம்தான்," என்றது இன்னொரு குரல், அந்தச் சண்டை முடியவில்லை என்ற தொனியில்.

"உன்ர கிடாரத்துக்குக் காது ரெண்டு! இதுக்கு நாலு! எண்ணிப் பார்!" அன்னபாக்கியம் திரும்பிப் பாய்ந்தா.

தயாளினி மண்வெட்டி பட்ட வடுவைக் காட்டினாள். சனம் எழும்பி வந்து பார்த்தது. லண்டன்காரப் பிள்ளைகள் போனில் படம் எடுத்தார்கள். சோறு காய்ச்சுகிறவர் கரண்டியோடு விலகி நின்றார். யாரும் கேட்காமலே குத்துவிளக்கின் கதையையும் ஒருவர் சொல்லத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் பந்தலின் கரையில் இருந்து ஒரு கேள்வி வந்தது. கெட்ட எண்ணத்தோடு கேட்டதா, பகிடிக்குக் கேட்டதா என்று சொல்ல முடியாது.

"எங்கட சாமானெல்லாம் சொல்லிப்போட்டாய். தோட்டத்தால வந்த உங்கட ஆக்களின்ர சாமான் என்ன கிடக்கு அங்க?"

தயாளினி மைக்கை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தாள்.

"எங்கட அப்பா கொண்டுவந்தது ஒரு கம்பளி," என்றாள் தயாளினி. "அது கிழிஞ்சு போச்சு. காடு வெட்டின கத்தி காணிக்காரன்ர. மிச்சம் அங்க இருக்கிறது நான்தான். பிறந்ததும் அங்கதான், கூட்டுறதும் அங்கதான். உங்கட சாமான் அறுபத்தொண்டுக்கும் இலக்கம் போட்டாச்சு. எனக்குத்தான் இன்னும் போடேல்ல."

சிரிக்கலாமா என்று சனத்துக்குத் தெரியவில்லை. கேட்டவர் தண்ணீர் குடித்தார். அன்னபாக்கியம்தான் முதலில் திரும்பினா, சிவதர்சினியின் பக்கம்.

"கேட்டுக்கொண்டு இருக்கிறாய், பிள்ளை! இவளுக்கும் ஒண்டைப் போட்டு விடன். என்ன, பெயின்ற் இல்லையோ?"

இதற்குப் பந்தலே இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. "போடுங்கோ மிஸ்!" என்று நாலா பக்கமும் சத்தம். சிவதர்சினி அப்போதுதான் எழுதத் தொடங்கினாள். நிறைய நேரம் எழுதினாள். நடுவில் ஒரேயொரு கேள்வி கேட்டாள்: "எத்தனை பந்தி முடிஞ்சுது?"

பார்வையாளர் தொகை முந்நூற்று எண்பது என்று அறிக்கையில் போயிற்று. பொருட்களின் நிலை என்ற இடத்தில், 'பதினேழாம் இலக்கத்தின் அடியில் கரி. மற்றபடி நன்று' என்றிருந்தது. வெளியில் பொருள் போனால் பொறுப்பாளரும் கூடப் போய் விளக்கம் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு சிபாரிசு கிடைத்தது. நியமனக் கடிதம் பிறந்தநாளுக்கு ஆறு நாள் முந்தி வந்தது. மேலே இலக்கமும் இருந்தது, எட்டு இலக்கத்தில். தயாளினி அதைப் படம் எடுத்து நெளுக்குளத்துக்கு அனுப்பினாள். கடிதத்தைக் கலப்பை அறையில் இருந்துதான் வாசித்தாள். மின்விசிறி இருக்கும் அறை அது இல்லை.

கிடாரம் எங்கே போகிறது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். யதுர்ஷனுக்கு அதில் பெரிய நட்டம். பேய்க்கும் ஒரு வேலை குறைந்தது. வருத்தக்காரரை மட்டும் பார்த்தால் போதும் என்றாகிவிட்டது.

ஐப்பசி மாதம் மழை தொடங்கின அன்று அன்னபாக்கியம் குடையோடு வந்தா. தமையனுக்கு அந்தியேட்டி, முந்நூறு பேருக்குச் சமையல். செத்த வீட்டுச் சடங்கில் கிடாரத்தின் கதை என்னத்துக்கு என்பது அவவின் கேள்வி.

"கிடாரம் வந்தா நானும் வருவன் அன்ரி. சட்டம்."

"வா. ஆனா அங்க ஐயர் நிப்பார், சனம் விரதத்தோட நிக்கும். நீ வழமையா முக்கால் மணித்தியாலம் இழுக்கிறாய். சுருக்கமாச் சொல்லு."

"சுருக்கமாச் சொல்லுறதெண்டால் நாலஞ்சு இடத்தை விடவேணும். எதை விட?"

அன்னபாக்கியம் குடையை மடக்கினா. ஸ்கந்தபுரத்தை விடலாமா என்று பார்த்தா. அங்கேயிருந்து வெளிக்கிடும்போதுதான் தமையன் கிடாரத்தை முதுகில் கட்டிக் குளத்தைக் கடந்து கொண்டுபோனவர். அடுத்ததை விடலாமா என்று பார்த்தா. விரலை மடக்கினா, நிமிர்த்தினா, மறுபடி மடக்கினா. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"சோத்தைக் கொஞ்சம் பிந்தி இறக்கச் சொல்லுறன்," என்றா கடைசியில். "நீ மற்றப் பக்கம் பிடி."